சுதா சொன்னால்தான் ஸ்பூன் இறங்கும்

கேக்கைக் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதை பாஸ் செய்து உலகத்துக்கு அனுப்பியவள் மண்ணூர்பேட்டை சுதா. அவள் மூக்கைச் சுளித்தால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அத்தனை பேக்கரியிலும் ஓவன் தானாக அணைந்துவிடும். அவள் தலையாட்டினால்தான் கிரீம் பொங்கும், சாக்லேட் உருகும், சோடாவில் குமிழி வரும். பாரிஸ் பட்டணத்துத் தொப்பி போட்ட கேக் மாஸ்டர்கள் எல்லாரும் காலையில் எழுந்ததும் மண்ணூர்பேட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்து, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மைதா மாவில் கை வைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பிரசன்னாவைக் கேட்கலாம். பொய்தான் சொல்வான், ஆனால் முழுசாகச் சொல்வான்.

பிரசன்னா, சுதாவின் அண்ணன் மகன். சுதா மாடி போர்ஷனில், அவன் குடும்பம் கீழே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சுதாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஷிஃப்ட் தொடங்கியதும் மெஷினிலிருந்து விழுகிற முதல் பீஸ் அவள் மேசைக்கு வரும். அளந்து, வளைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ‘ஓட்டலாம்’ என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் சிவப்புச் சீட்டைக் கட்டி ‘ஹோல்ட்’ என்பாள். அதற்கப்புறம் மேனேஜரே வந்து நின்றாலும் மெஷின் நகராது.

வருஷக்கணக்கில் இதையே செய்த கைக்கு சாப்பாட்டு மேசையில் மட்டும் புத்தி மாறுமா? சனிக்கிழமை சாயங்காலம் சிநேகிதிகளோடு ஏதாவது ஒரு கஃபேவுக்குப் போனால் அங்கேயும் அதே சட்டம்தான். தட்டு வந்ததும் எல்லாரும் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். சுதா குனிந்து மோந்து பார்ப்பாள். ஒரு ஓரத்தில் கிள்ளி நாக்கில் வைப்பாள். கண்ணை மூடுவாள். ‘ஓட்டலாம்’ என்று சொன்னதும் ஸ்பூன்கள் இறங்கும். ஒரு கடையில் வெயிட்டர், இவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஏதோ ஜெபம் பண்ணுகிறார்கள் போலிருக்கிறது என்று தானும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டார்.

சிநேகிதிகள் இரண்டு பேர். சபீனாவுக்கு அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை, வீடு பாரிவாக்கம். வாய் சும்மா இருக்காது, கோபம் வந்தால் இரண்டு நிமிஷம், சிரிப்பு வந்தால் இருபது நிமிஷம். இன்னொருத்தி பவ்யா. ஈரோட்டுப் பெண், ஐடி வேலை, நூம்பலில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஷேர் ஆட்டோவில் சுதாவின் மடியில் மில்க் ஷேக்கைக் கொட்டிவிட்டாள். அழாத குறையாக மன்னிப்புக் கேட்டால், சுதா புடவையை மூக்குக்குக் கொண்டுபோய், “இந்தக் கடையில இனிமே வாங்காதம்மா, பால் திரிஞ்சி கீது” என்றாள். பவ்யாவுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

பவ்யாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது எல்லாரையும் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். தனக்கு மட்டும் ஒரு காக்டெயில் சொன்னாள். சபீனா தன் எலுமிச்சை சோடாவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். சுதா குடிக்கிறவள் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. கிளாஸுக்கு மேலே குனிந்து, “ஆரஞ்சுத் தோலு. கிராம்பு. அப்பால இன்னாவோ மரக்கட்டை வாசனை. ஓட்டலாம்” என்றாள். அதைக் கலக்கிக் கொடுத்தவர் கவுண்டரை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“மேடம் எந்த ஹோட்டல்ல இருக்கீங்க?”

“ரப்பர் கம்பெனிங்க.”

அவர் யோசித்துக்கொண்டே திரும்பிப் போனார். அன்றைக்கு பிரசன்னாவுக்குக் கிடைத்தது மாதுளை ஜூஸ். அதையும் சுதா மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்; அது வேறு காரணத்துக்கு.

பிரசன்னா இந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தான் என்று சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் கணக்குப் பேப்பர் அவனைத் துரத்தித் துரத்தி அடித்தது. பாதியில் நின்றுவிட்டு, பதினெட்டு முடிந்ததும் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யப் போனான். படிப்பை விட்ட பையனிடம் வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை, அதுவும் நின்றுபோனது. அப்பா அவன் இருக்கிற அறையில் சுவரைப் பார்த்துப் பேசினார். அப்படி ஒரு சனிக்கிழமை சுதா மாடிப்படியில் இறங்கி வந்து, “டேய், நீ எல்லாக் கடைக்கும் பின்வாசல் வழியா போறவன். எது நல்லாருக்கும்? நீ சொல்லு, அங்க போலாம்” என்றாள்.

கேட்டதோடு விடவில்லை. பதிலுக்காக நின்றாள். ஒருத்தர் தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை நிற்பது எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கடையைச் சொன்னான். எந்த கஃபே எந்த பேக்கரியில் கேக் வாங்கித் தன் தட்டில் வைத்துத் தன் பெயரில் விற்கிறது, எங்கே வாஃபிள் சுடச்சுட, எங்கே நேற்றையது என்று எல்லாம் அவிழ்த்துவிட்டான். சபீனா, “யப்பா, உளவுத்துறையே கைல கீது” என்றாள். அன்றிலிருந்து எந்தக் கடை என்று முடிவு செய்வது பிரசன்னா. அந்த ஒரு கேள்விக்கு அவன் இன்றைக்கு வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

நன்றியை வாயால் சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. கையால்தான், அதுவும் குறும்பாகத்தான் வரும். வெயிட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த அக்காவுக்கு இன்னிக்கு கல்யாண நாள்” என்று சொல்லி, கல்யாணமே ஆகாத பவ்யாவுக்குக் கடை மொத்தமும் கைதட்ட வைப்பான். சபீனாவின் செருப்பு பவ்யாவின் லேப்டாப் பையில் கிடக்கும். ஆனால் சுதாவிடம் மட்டும் அவன் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு, ஐஸ்கிரீமில் வெள்ளைப் பூண்டுத் துண்டு, எதுவாக இருந்தாலும் கிட்டே வருவதற்கு முன்னாலேயே, “இன்னா நைனா, இன்னிக்கு பூண்டா?” என்பாள்.

மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பெருங்காயம்.

அது பூந்தமல்லி சாலையில் புதிதாகத் திறந்திருந்த கஃபே. மேலே பிஸ்கட் தூள் தூவிய சீஸ்கேக் அங்கே பிரமாதம் என்று பெயர். பெருங்காயத் தூளும் பிஸ்கட் தூளும் பார்வைக்கு அண்ணன் தம்பி. சபீனாவும் பவ்யாவும் சேர்ந்து செல்ஃபி எடுக்கிற நேரம், சுதா கை கழுவப் போயிருந்த நேரம், பிரசன்னா பொட்டலத்தைப் பிரித்து தாராளமாகத் தூவினான். சுதா வந்து உட்கார்ந்ததும் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்து அவன் காதைத் திருகப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டான்.

சுதா உட்கார்ந்தாள். குனிந்தாள். மோந்தாள். ஒரு ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

“ஓட்டலாம்” என்றாள். “நல்லா மெத்துனு கீது. இனிப்பு கரெக்ட்டு.”

இரண்டு ஸ்பூன்கள் இறங்கின. பிரசன்னாவுக்கு என்ன தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. தட்டை அப்படியே தன் பக்கம் இழுத்தான்.

“இது மொத்தமும் எனக்கு! யாரும் கை வைக்கக் கூடாது!”

“டேய், அலையாதடா!” என்றாள் சபீனா.

அவன் அலையவில்லை, விழுங்கினான். பெருங்காயம் போட்ட சீஸ்கேக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு வழியாக மணம் கிளம்பி மேசையைச் சுற்றி வந்தது.

“ஏனுங்க்கா, இங்க யாரோ ரசம் தாளிக்கறாங்களா?” என்று பவ்யா தலையைத் தூக்கினாள்.

“ஆமா, எனக்கும் அடிக்குது. சாம்பாரு,” என்றாள் சபீனா.

கடைக்காரர் ஓடிவந்து, “எங்க கிச்சன்ல சாம்பாரே கிடையாதுங்க மேடம்” என்று சத்தியம் செய்தார். எல்லாரும் மூக்கை நாலு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சுதா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் தானும் மூக்கைத் தூக்கி, “ஆமாம்ல, எங்கயோ தாளிக்கிறாங்க” என்றாள்.

ஒரு கணம் தாமதம். அவ்வளவுதான். பிரசன்னா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் மூக்கையே பார்த்தான்.

அடுத்த சில நாளில் மாடியிலிருந்து பால் கருகும் வாசனை கீழே வந்தது. ஓடினான். கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்பில் பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டி சுதா அலமாரி முன்னால் நின்றிருந்தாள். காபித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விடுகிற மாதிரி குனிந்து மூச்சை இழுத்தாள். மூடினாள். கற்பூர டப்பாவைத் திறந்தாள், இழுத்தாள், மூடினாள். மல்லித்தூள். அப்புறம் மறுபடியும் காபித்தூள்.

அவன் இரண்டு படி கீழே இறங்கி, வேண்டுமென்றே செருப்பைத் தடதடவென்று தேய்த்துக்கொண்டு ஏறினான். “அத்தே! பால் அடுப்புல கீது, பாரு!”

“ஐயோ, ஏதோ யோசனைல நின்னுட்டேன்டா.”

மழைக்காலத்தில் அவளை ஒரு வாரம் படுக்கையில் போட்ட ஜுரம் அவள் மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது என்பது அவனுக்குப் புரிந்தது. கம்பெனியில் அளவுக் கருவிகள் இருக்கின்றன. அங்கே மூக்கு வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மேசையில் சுதா என்றால் மூக்குதான். மற்ற நாளெல்லாம் வேலை, சமையல், வேலை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் இரண்டு பேர் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் போய்விடும் என்றுதான் அவள் சொல்லவில்லை. யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பிரசன்னாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் அவன் ஒரு தொழிலைத் தொடங்கினான். தட்டு வந்ததும் சுதாவுக்கு முந்திக்கொண்டு குனிவான், ஒரு தடவை மோந்து பார்ப்பான், அப்புறம் கலாய்ப்பான்.

“பவ்யாக்கா, பாருங்களேன், அத்தை இப்ப ஏலக்காய் ஓவர்னு சொல்லப் போறா. பெட்டு!”

சுதா மோந்து, கிள்ளி, கண்ணை மூடி, “ஏலக்காய் ஓவர்தான்டா” என்பாள்.

“எப்பிடிடா சொல்றே?” என்று சபீனா அதிசயப்படுவாள். “கூடவே சுத்திச் சுத்தி மூக்கு வளந்துடுச்சா?”

கஷ்டம் என்னவென்றால் பிரசன்னாவுக்குக் கடைப் பண்டங்களின் பெயர் தெரியாது. அவனுக்குத் தெரிந்த வாசனைகள் வேறு. ஒரு ஸ்ட்ராபெரி கேக்கை மோந்துவிட்டு, “புது ரெயின்கோட் வாசனைனு சொல்லுவா பாரு” என்றான். சுதா ஒரு நிமிஷம் யோசித்து, “எசன்ஸ் ஜாஸ்தி” என்று அதைக் கம்பெனி பாஷைக்கு மாற்றினாள். “ஸ்கூல்ல அழிக்கிற ரப்பர்” என்றால், “க்ரீம் பழசு”. “மழை பேஞ்ச கிரவுண்டு” என்றால், “காபிக்கொட்டை நல்ல வறுவல், ஓட்டலாம்”. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூக்காக ஓடினார்கள். அவள் தன்னைச் சந்தேகப்படவில்லை என்று பிரசன்னா நம்பினான். வீட்டுக்கு வந்தால், மாடிக்குப் போய் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி, கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுப்பான். சாக்கு பெரும்பாலும், “அத்தே, உன் சார்ஜர் குடு.” அவனுக்குச் சொந்தமாக மூன்று சார்ஜர் இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சபீனா கடை போடுகிறேன் என்று சொல்கிறவரைக்கும்.

பாரிவாக்கத்தில் அவள் வீட்டைச் சுற்றி ஃப்ளாட்டுகள் முளைத்துக்கொண்டே இருந்தன. இத்தனை நாள் ஊரெல்லாம் சுற்றி அடுத்தவர் கடையில் மது சேராத மாக்டெயில் குடித்தது போதும், நம்ம ஊட்டு முன்னால நாமே கலக்கி விற்கலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முன்னறையில் ஷட்டர் போட்டாள். பெயின்ட் அடித்தாள். வேலையை விட்டாள். நன்னாரி, ரோஜா, எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, சோடா, மேலே புதினா என்று தானே ஒரு பானம் கட்டினாள். வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்கு முந்தின ஞாயிறு மதியம் மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

“வேற யாருக்கும் இன்னும் குடுக்கல” என்றாள். “எங்க ஊட்டுக்காரர் கேட்டாருகூட. குடுக்கல. மொத பீஸு சுதாவுக்குத்தான். அவ ஓட்டலாம்னு சொன்னாதான் வெள்ளிக்கிழம ஷட்டர் தூக்குவேன். இல்லனா தூக்க மாட்டேன்.”

“ஏன் இப்பிடி பயமுறுத்தறீங்க்கா” என்று பவ்யா சிரித்தாள். சபீனா சிரிக்கவில்லை. அவள் கை துணியைப் பிழிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி கிளாஸ் வந்தது. அடியில் ரோஜா நிறம், நடுவில் விதைகள் மிதக்க, மேலே பச்சை. பார்க்க அவ்வளவு அழகு. பிரசன்னா வழக்கம்போல முந்திக் குனிந்தான்.

புதினா மணந்தது. நன்னாரி மணந்தது. அதற்குப் பின்னாலிருந்து, வெட்கப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிற மாதிரி, மீன்.

அவன் மறுபடியும் மோந்தான். சந்தேகமே இல்லை. பானத்தில் இல்லை, ஐஸில். வீட்டு ஃப்ரீசரில் பக்கத்துத் தட்டில் என்ன இருந்ததோ, அதன் வாடையை ஐஸ் குடித்திருக்கிறது. சபீனாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு முன்னால் ‘மீன்’ என்ற சொல்லை எடுக்க அவனுக்கே வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்தான்.

“அத்தை இப்ப ஐஸைத்தான் குத்தம் சொல்லப் போறா. பெட்டு.”

சுதா கிளாஸை எடுத்தாள். குனிந்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்க நேரமானது.

‘சொல்லு அத்தே, ஐஸ்னு சொல்லு’ என்று பிரசன்னாவின் கால் மேசைக்கடியில் ஆடியது.

சுதா கிளாஸை மேசையில் வைத்தாள். இரண்டு கையாலும் தள்ளி வைத்தாள்.

“இனிப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. சில்லுனு கீது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெர்ல, சபீனா” என்றாள். “அந்த ஜுரம் வந்துச்சுல்ல, அத்தோட வாசனை போயிடுச்சு. காபியும் ஒண்ணுதான், கழுநீரும் ஒண்ணுதான். இத்தினி நாளா நான் சொன்னது எல்லாம் பொய்.”

சபீனா பிழிந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

“யாரோ கடைல யாரோ போட்ட கேக்கு. அதுல ஓட்டலாம்னு சொல்லி ஓட்டிட்டேன். இது நீ வேலைய உட்டு போடுற கடை. பாக்காத பீஸுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். நீ வேற யாரையாவது வச்சி பாரு.”

அவள் எழுந்திருக்கப் போனாள். சபீனா தோளைப் பிடித்து அமுக்கினாள்.

“குந்து. எங்க எழுந்து போறே? அப்போ அந்த ஏலக்காய் ஓவர்னது? ரெயின்கோட்டு எசன்ஸு?”

“அதெல்லாம் இவன்” என்று சுதா விரலை நீட்டினாள். “எனக்கு மூக்கா இருந்தது இந்தக் கம்மனாட்டிதான்.”

பிரசன்னாவின் காது சிவந்தது. பெருங்காயம் சாப்பிட்டபோதுகூட அவ்வளவு சிவக்கவில்லை.

“ஐய, நானா? நான் சும்மா கலாய்ச்சிகினு இருந்தேன்” என்றான்.

“கலாய்க்கிறவன் எதுக்குடா எனக்கு முன்னாடி குனிஞ்சி மோந்து பாக்குறே? தினம் ராத்திரி சார்ஜர் வாங்கறதுக்கு வந்து கேஸ எதுக்குடா பாக்குறே? நான் தரம் பாக்குறவடா. வாசனைதான் போச்சு, கண்ணு போவல.”

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையில் அகப்பட்ட ஸ்ட்ராவைக் கடித்தான். பவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்குங்க்கா, நீங்க சொல்லலைன்னா ஸ்பூன் எடுக்கவே கை வராது. ஆபீஸ்ல பர்த்டே கேக் வெட்டறப்பகூட ஒரு செகண்ட் நின்னுட்டுத்தான் சாப்பிடறேன். மூக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றாள்.

“இவ மூக்குக்காகவா கூட்டிகினு சுத்துனோம்?” என்று சபீனா கத்தினாள். கண்ணும் கத்தியது. “மாசக்கணக்கா சொல்லாம, ஒண்டியா... லூசு! லூசு!” முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம், அடித்த இடத்தையே தடவிக்கொண்டு, பிரசன்னா பக்கம் திரும்பினாள். “சரி மூக்கு, நீ சொல்லு. ஐஸ்ல இன்னா?”

“அது வந்து சபீனாக்கா...”

“சொல்றா.”

“மீன்.”

“எங்க ஊட்டு ஃப்ரிட்ஜ்லயா? மீனா?” சபீனா உள்ளே போனாள். கதவு திறக்கும் சத்தம், டப்பா உருளும் சத்தம். “இந்த மனுசன் வஞ்சிரத்த வாங்கி ஐஸ் ட்ரேக்குப் பக்கத்துல வச்சிகிறான் பாரு!” என்ற சத்தம் தெரு வரைக்கும் போனது. சுதாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. இரண்டு நிமிஷக் கோபம் முடிந்து சபீனாவின் இருபது நிமிஷமும் தொடங்கிவிட்டது.

“டேய், போய் கடை ஐஸ் வாங்கினு வா” என்று பிரசன்னாவை விரட்டினார்கள்.

பூந்தமல்லிக்கு வண்டியை விட்டான். ஐஸ் பையை டெலிவரிப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் நடந்தது அவனுக்கு உறைத்தது. இத்தனை மாசம் ஒளித்துவைத்த ஒன்றை ஒரே நிமிஷத்தில் எல்லாருக்கும் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். அவளுடைய இடம் போகவில்லை. அது போய்விடும் என்று அவளைவிட அவன்தான் அதிகமாகப் பயந்திருக்கிறான். பாரிவாக்கம் திருப்பத்தில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றான். சந்தோஷத்தில் செய்தானா, பயம் விட்டதில் செய்தானா, அந்த வயசில் இரண்டுக்கும் ஒரே வேலைதான். முடித்ததும் இரண்டு புதினா மிட்டாயை வாயில் போட்டுக் கடித்து, சட்டையை இரண்டு தடவை உதறிவிட்டுக் கிளம்பினான்.

புது ஐஸ் போட்டு இன்னொரு கிளாஸ் கலந்தாயிற்று. பிரசன்னா மோந்து, “வாசனை சூப்பர்” என்றான். பவ்யா நிறத்தைப் பார்த்து, “படத்துக்கு அம்சமா இருக்குதுங்க” என்றாள். “இப்ப நீ” என்று சபீனா கிளாஸை சுதாவிடம் நீட்டினாள். “இனிப்பு, புளிப்பு, சில்லு. அத நீதான் பாக்கணும். அதுக்கு வேற ஆள் இல்ல.”

சுதா வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் முதலில் குனிந்தாள். ஒன்றும் இல்லை என்று முகமே சொன்னது. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். ஸ்பூன் எதுவும் இல்லாவிட்டாலும் எல்லாரும் கையை மேசைமேல் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“எலுமிச்சை ஒரு சொட்டு கொறச்சுக்கோ. மத்தபடி ஓட்டலாம்.”

சபீனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பவ்யா கைதட்டினாள். பிரசன்னா சுதாவின் காதோரம் குனிந்து ஒரு விசில் அடித்துவிட்டு ஷட்டர் பக்கம் ஓடினான்.

சுதாவின் முகம் மாறியது. புருவம் சுருங்கியது. கிளாஸை மோந்தாள். இல்லை, அது இல்லை. தலையைத் தூக்கி இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

“ஏதோ கருவுது” என்றாள்.

“அடுப்பு பத்தவே இல்லியே” என்றாள் சபீனா.

“இல்ல. கருகுன மாதிரி... லேசா... சபீனா, எனக்கு அடிக்குது. நெஜமா அடிக்குது!”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். கையில் கிளாஸ் இருப்பதே மறந்து, காணாமல் போன ஒன்றைத் தேடுகிற மாதிரி மெல்ல மூச்சை இழுத்து இழுத்து நகர்ந்தாள். சபீனாவைத் தாண்டினாள். பவ்யாவைத் தாண்டினாள். பிரசன்னா ஒரு எட்டு பின்னால் வைத்தான். ஷட்டர் முதுகில் இடித்தது. சுதா அவன் சட்டைக் காலரைப் பிடித்து, மூக்குக்குக் கொண்டுபோய், ஒரு நீளமான மூச்சு இழுத்தாள். அவள் கண் இரண்டும் நிறைந்து வழிந்தது.

“டேய்” என்றாள். “சிகரெட்டா?”

பெட்டிக்கடையில் பக்கத்தில் நின்ற ஆள்தான் குடித்தான் என்ற பொய்யை அவன் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தான். நல்ல பொய். அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

“மூடு” என்று சுதா அவன் காதைப் பிடித்தாள். “இன்னும் நல்லா அடிக்குது.”